இரண்டு மாணவர்களும் அப்பாவின் இதயமும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமா என்று வழக்கமாகக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். இங்கே நானும் உன் தங்கையும் நலம். அப்பாவும் நலம்தான், ஆனால் அதை அவரே சொன்னால் நம்பாதே. போனில் இதையெல்லாம் சொல்ல முடியவில்லை. நான் பேசும்போதெல்லாம் அவர் பின்னால் நின்று "நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லு" என்று குரல் கொடுக்கிறார், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று நான் சொல்லாததற்கெல்லாம் சரி சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது.

போன மாதம் அப்பா ஓட்டுநர் வகுப்பு எடுக்கும்போது காரிலேயே மயங்கிவிட்டார். பதறாதே, ஓட்டியது அவர் இல்லை, எப்போதும்போல் பக்கத்து இருக்கையில் ஆசிரியருக்கென்று வைத்த அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டியது ஒரு வங்கி அதிகாரி அம்மா, கற்றுக்கொள்ளத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. "கண்ணாடியப் பாருங்கம்மா, கண்ணாடியப் பாருங்க" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தவர் திடீரென்று பேசாமல் போனதும், தான் நன்றாக ஓட்டுவதால்தான் சார் திட்டவில்லை என்று அந்த அம்மாவுக்கு ஒரே பெருமையாம். திருப்பத்தில் அவர் தலை வந்து தோளில் சாய்ந்த பிறகுதான் விஷயம் புரிந்திருக்கிறது. அப்போதும் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அதற்கப்புறம்தான் அலறினாராம். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் உன் அப்பா என்னைக் கேட்ட முதல் கேள்வி, "இண்டிகேட்டர் போட்டாங்களா?"

இதெல்லாம் எப்படி வந்தது என்றால், உன் அப்பாவுக்கு நாகரிகம் அதிகம். அவருடைய முதுகு வலி உனக்குத் தெரியும், எந்த மாத்திரைக்கும் அடங்காமல் போகவே எலும்பு டாக்டர் அபினி வகையைச் சேர்ந்த பலமான வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். நன்றாகவே கேட்டது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன், பல மாதம் கழித்து மனிதர் உட்கார்ந்து சாப்பிட்டார். நடுவில் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்து தொண்டை டாக்டரிடம் போனார், அவர் கிருமிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். இந்த இரண்டு டாக்டர்களும் அப்பாவிடம் கார் பழகியவர்கள். எலும்பு டாக்டர் மூன்று தடவை தேர்வில் தோற்று நான்காவது தடவை உரிமம் வாங்கியவர், தொண்டை டாக்டர் முதல் தடவையே வாங்கிவிட்டு அதை எலும்பு டாக்டர் போகும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனவர். இன்றுவரை இருவருக்கும் பேச்சு கிடையாது. அதனால் "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா சார்?" என்று தொண்டை டாக்டர் கேட்டதற்கு, எலும்பு டாக்டரின் பெயரை அங்கே எடுத்து அவர் மனதைப் புண்படுத்துவானேன் என்று, "எப்பவாவது தலைவலிக்கு ஒண்ணு, அவ்வளவுதான்ப்பா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மாணவர்களிடம் பாரபட்சம் காட்டாத ஆசிரியர்.

இதய டாக்டர் வேறு ஊரில் கார் பழகிய அம்மா, அவரிடம் அப்பாவின் செல்வாக்கு எடுபடவில்லை. மாத்திரைப் பையை அப்படியே மேசையில் கொட்டச் சொன்னார். "ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் அடுத்ததுக்குத் தயாராக இதயம் கொஞ்சம் நேரம் எடுத்துக்கும். இந்த வகை வலி மாத்திரையில சிலது அந்த நேரத்த இழுத்துடும், கிருமி மாத்திரையில சிலதும் அதையேதான் செய்யும். இவருக்கு ரெண்டும் ஒண்ணா சேர்ந்து தாளம் தப்பிடுச்சு" என்றார். எல்லாருக்கும் வருவதில்லை, வந்தால் விளையாட்டில்லை, அன்றைக்கு மயக்கம் தானாகத் தெளிந்தது, தெளியாமலே போவதும் உண்டு என்று முகம் மாறாமல் சொன்னார். வீட்டுக்கு வந்து மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த காகிதத்தை விரித்துப் படித்தேன். மலச்சிக்கல், அரிப்பு, தூக்கக் கலக்கம் எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, இதயத் துடிப்பு மாறக்கூடும் என்கிற வரி அழைப்பில்லாமல் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி கடைசியில் ஓரமாக நின்றது. கிருமி மாத்திரையை அன்றே நிறுத்தியாயிற்று. வலி மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாதாம், படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருகிறோம். குறையக் குறைய வலி பழையபடி வந்துகொண்டிருக்கிறது. இப்போது நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறார். டாக்டர் சொல்லும்வரை காரில் ஏறக் கூடாது என்பதால் பயிற்சிப் பள்ளியின் முன்னறையில் சாலைக் குறிகள் பலகையைக் குச்சியால் தட்டித் தட்டிப் பாடம் நடத்துகிறார், வலி வந்தால் குச்சியை ஊன்றிக்கொண்டு, மாணவர்கள் யோசிக்கட்டும் என்று விட்டதுபோல் நிற்கிறார். போன வாரம் காரின் முதலுதவிப் பெட்டிக்குள் ஒரு மாத்திரை அட்டை ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டேன். "ஒண்ணே ஒண்ணு குடு" என்று கேட்டார். உன் அப்பா என்னிடம் எதையும் கேட்டு வாங்கியவர் இல்லை. நான் கொடுக்கவில்லை.

இனி உன் விஷயம், இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். குடும்பத்தில் வேறு யாராவது மயங்கி விழுந்தது உண்டா என்று இதய டாக்டர் கேட்டார். அப்பா கேள்வி முடிவதற்குள் இல்லை என்றார். உண்டு என்றேன் நான். பள்ளி மைதானத்தில் ஓட்டப் பந்தயத்தில் கோட்டைத் தொடும் முன்னால் நீ விழுந்தாயே, வெயில் என்றார் விளையாட்டு ஆசிரியர், காலையில் சாப்பிடவில்லை என்றோம் நாங்கள், சாப்பிட்டேன் என்று நீ சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அதைச் சொன்னதும் டாக்டரின் பேனா நின்றுவிட்டது. சிலருக்குப் பிறவியிலேயே இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் அந்த நேரம் நீளமாக இருக்குமாம், மாத்திரை அதை வெளியே கொண்டுவந்து காட்டுமாம், அப்பாவுக்கு அப்படியா இல்லை வெறும் மாத்திரைக் கோளாறா என்று போகப் போகத்தான் தெரியுமாம், பிள்ளைகள் இருவரும் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும் என்றார். உன் தங்கை எடுத்துவிட்டாள், கோளாறு இல்லை, அதை முதல் மதிப்பெண் வாங்கியதுபோல் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அன்று டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்ததும் அப்பா, "அவனுக்குச் சொல்லாத, என்கிட்டேருந்து வந்துச்சுன்னு நெனச்சுக்குவான்" என்றார். மூக்கும்தான் உங்ககிட்டேருந்து வந்துச்சு, அவன் என்ன வழக்கா போட்டான் என்றேன், சிரிக்கவில்லை. உனக்கு அடுத்த மாதம் கடைவாய்ப் பல்லை அறுத்து எடுக்கப் போகிறார்கள், வலிக்கு ஏதாவது கொடுக்கத்தான் செய்வார்கள். வலியைத் தாங்கிக்கொண்டு வீரனாக இரு என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் இ.சி.ஜி. எடு, இங்கே நடந்ததையும் மைதானத்தில் நடந்ததையும் பல் டாக்டரிடம் சொல், யார் என்ன மாத்திரை கொடுத்தாலும் அடுத்தவரிடம் ஒன்றுவிடாமல் சொல். டாக்டர்களின் மனம் புண்பட்டால் அவர்களே மருந்து போட்டுக்கொள்வார்கள்.

இவ்வளவு எழுதியபோது அப்பா வந்து என் பின்னால் நின்றார். மறைக்கவில்லை, படிக்கட்டும் என்று விட்டேன். முழுவதும் படித்தார். உள்ளே போய்த் தன் இ.சி.ஜி.யின் நகலைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இதையும் உள்ள வை, அவன் டாக்டர் கேப்பார்" என்றார். இப்போது வாசலில் நிற்கிறார், தபால் நிலையம் மூடுவதற்குள் தானே நடந்துபோய்ச் சேர்க்கிறாராம். அவரால் குனிந்து செருப்பின் வாரை மாட்ட முடியாது, நான்தான் போய் மாட்டிவிட வேண்டும். அதனால் இதோடு முடிக்கிறேன்.

இ.சி.ஜி. எடுத்ததும் படம் அனுப்பு. சிரிக்கிற முகம் வேண்டாம், அதை வைத்து நீ எத்தனையோ தடவை எங்களை ஏமாற்றியிருக்கிறாய், அந்தத் தாளில் இருக்கும் கோடுதான் வேண்டும். நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம்.

உன் அம்மா
(அப்பாவும் படித்துச் சரி என்றார்)