கடைசி வரியில் ஒரு பெயர்

வென்ட்வேர்த்வில்,
4 மே 2025, இரவு

அன்புள்ள கலா அன்ரிக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு எழுதுகிறேன். என் போனை அப்பா வாங்கி வைத்திருக்கிறார். என் சிநேகிதி ஹரிப்பிரியாதான் இதைத் தபாலில் போடுவாள். பதிலையும் அவள் வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள்.

நீங்கள் தமிழாக்கி மெல்பேர்னிலிருந்து அனுப்பிய ஆற்றுக் கவிதையை நான் வழக்கம்போலத் திருத்தி, நல்ல தாளில் எழுதி, கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அப்பாவின் கையில் அகப்பட்டுவிட்டது. ‘உன் ஈரக் கூந்தல் காயுமுன் போய்விடாதே. சுதர்சன் சொல்கிறான், இந்த ஆற்றுக்கு வேறு கரை இல்லை.’

“ஆரடி இந்தச் சுதர்சன்?” என்று கேட்டார்.

அது கலா அன்ரியின் மனுசன் முதுலி அங்கிளின் முதற்பெயர் என்றேன். கடைசி வரியில் தன் பெயரை வைத்துப் பாடுவது ஒடியாக் கவிஞர்களின் பழைய வழக்கம், கலா அன்ரிதான் தமிழில் மாற்றினவர் என்றும் சொன்னேன்.

“அந்த மனுசனுக்கு வணக்கம் எண்டு கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாது. செத்தும் ரெண்டு வருசம். இப்ப தமிழில கவிதை எழுதிறாரோ? இது உன்ர கையெழுத்து, நிவேதிகா.”

உங்களிடமே கேட்கச் சொன்னேன். தன் பிள்ளையின் மானத்தை வெளியாளிடம் போய் விசாரிக்க ஏலாது என்கிறார்.

அன்ரி, என் வகுப்பில் உண்மையிலேயே ஒரு சுதர்சன் இருக்கிறான். அவனோடு நான் ஒரு நாளும் கதைத்ததில்லை. பதினெட்டாம் திகதி மேய்ஸ் ஹில் கோயிலில் அவர்கள் வீட்டு உபயம். அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், அப்பா அவன் தகப்பனிடம் கேட்கப் போகிறாராம். “நிரந்தர விசாவும் இல்லாமல், மானமும் இல்லாமல் இருக்க ஏலாது” என்று அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்தில் எப்படித் தலை காட்டுவது? அவன் என்ன பிழை செய்தான்?

அதற்கு முன் ஒருமுறை அப்பாவுக்குக் கோல் எடுங்கள். அது உங்களுக்காக எழுதிய கவிதை என்று சொல்லுங்கள். கட்டின மனைவிக்கு எழுதியதில் என்ன வெட்கம்?

பயத்துடன்,
நிவேதிகா


கிரெய்கிபர்ன்,
11 மே 2025

அன்புள்ள நிவேதிகா,

உன் கடிதம் வந்தது. கிழித்துவிட்டேன். முதலில் சிரிப்புதான் வந்தது. அறுபத்தெட்டு வயதில் போன மனிதர் மேல் இப்படியொரு புகார். பிறகு உன்னை நினைத்துக் கவலையாகிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கவிதை எனக்கு எழுதியது இல்லை.

கட்டாக்கில் அவர் கல்லூரிக்குப் போன படகில் மாதவி என்று ஒரு பெண் வருவாளாம். இரண்டு வார்த்தை பேசியிருப்பார்களோ என்னவோ. அவள் கல்யாணமாகிப் போனாள். அவருடைய முதல் புத்தகம் வந்தது. பையன்கள் விடுதி மொட்டை மாடியில் அதை ராகம் போட்டுப் பாடினார்களாம். காதல் கவிதைக் காலம் முடிந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அவர் கேட்கவில்லை. நான் புவனேஸ்வரத்தில் வேலை பார்த்தபோது, அந்தப் புத்தகத்தைப் படிக்கத்தான் ஒடியா எழுத்தே கற்றுக்கொண்டேன். பிறகு அவரையே கட்டிக்கொண்டேன். அடுத்த புத்தகம் எனக்கு என்று நினைத்தேன். நான்காவது புத்தகமும் மாதவிக்கே.

சிட்னியில் பன்னிரண்டு வருடம் கிடங்கில் இரவு வேலை. காலையில் வந்து, காலணியைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதுவார். உங்கள் தெருவில் ஒடியா படிக்கத் தெரிந்த இன்னொருத்தி நான்தான். அதனால் எல்லாவற்றையும் எனக்குத்தான் வாசித்துக் காட்டினார். எனக்கென்று எழுதியது, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய ‘பால் இல்லை, வாங்கி வா’ மட்டும்.

‘உனக்கு எழுதியதா?’ என்று கேட்பவர்களிடம் சிரித்து வைப்பேன். வாய் திறந்து ஆமாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இத்தனை வருடத்தில் எனக்கென்று மிஞ்சியது, பொய் சொல்லாத அந்த ஒன்றுதான். அதையும் விடச் சொல்கிறாயே என்று அலுப்பாக இருக்கிறது. உன் மேல் கோபம் இல்லை. யோசிக்கிறேன் கண்ணு. சாப்பிடாமல் இருக்காதே.

அன்புடன்,
கலா


வென்ட்வேர்த்வில்,
18 மே 2025, இரவு

அன்புள்ள கலா அன்ரிக்கு,

இன்று காலை கோயிலுக்குப் போக அப்பா சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கோல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்றேன்.

நீங்கள் எல்லாவற்றையும் விளக்கினீர்கள். அந்தக் கவிதையை ஒடியாவில் முழுதாகச் சொன்னீர்கள். கடைசியில் சுதர்சன் என்ற சொல் அப்பாவுக்கே கேட்டது. சப்பாத்து நாடாவைக் கட்டி முடித்தார். பிறகு, “குறை நினையாதேங்கோ. இது ஆருக்கு எழுதினவர்?” என்றார்.

“எனக்குத்தாங்க” என்றீர்கள். “கல்யாணத்துக்கு முன்னாடி.”

உங்கள் குரல் நடுங்கவேயில்லை. நான் அழுதுவிட்டேன். வெட்கத்தில் அழுகிறேன் என்று அப்பா நினைத்தார். காரில் அம்மாவிடம், “பார், மனுசிக்கு எப்பிடி எழுதியிருக்கிறார்” என்றார். “நீங்கள் எனக்கு ஒரு பேர்த்டே கார்ட் கூட எழுதினதில்லை” என்றார் அம்மா. கோயிலில் சுதர்சன்தான் சர்க்கரைப் பொங்கல் பரிமாறினான். “படிப்பெல்லாம் எப்பிடித் தம்பி?” என்று கேட்டு, அப்பா இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: “அந்த அன்ரி நல்லவதான். எண்டாலும் காதல் கவிதை பெரியாக்கள்ட சமாச்சாரம். இனி எழுத்தும் வேண்டாம், கோலும் வேண்டாம்.” ஹரிப்பிரியாவின் தாயிடமும் கதைத்துவிட்டார். அதனால் இதற்குப் பதில் போடாதீர்கள். இது அவள் கடைசியாகப் போடும் கடிதம்.

மாதவி என்ற பெயரை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். மிச்சக் கவிதைகளை இனி நீங்கள் யாருக்கு வாசித்துக் காட்டுவீர்கள் என்று நினைக்கக் களைப்பாக இருக்கிறது. நித்திரையும் வரவில்லை.

பதில் வேண்டாம் என்று எழுதிவிட்டும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ‘எனக்குத்தாங்க’ என்று நீங்கள் சொன்ன அந்த நேரம் எப்படி இருந்தது, அன்ரி? எனக்கென்னவோ, வேலையால் வந்து காலணியும் கழற்றாமல் எழுதி, எழுதியதையெல்லாம் உங்களுக்கு மட்டும் வாசித்துக் காட்டியவர், கடைசிக் காலத்திலாவது உங்களைத்தான்

கதவைத் தட்டுகிறார்கள்