சின்னவள் எழுதிய வரிகள்

மார்ச் 3, திங்கள்
மேலாளர் தனியாகக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமையோடு சின்னவளின் தகுதிகாண் காலம் முடிகிறது, அதோடு அவளை நிறுத்தப் போகிறாராம். நிரலில் ஒரு வரிகூட எழுதவில்லையாம். அவள் என் கணவரின் தங்கை, நான் சொல்லித்தான் எடுத்தார்கள். ஆறு மாதமாக என் பக்கத்து நாற்காலியில் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருக்கிறாளே! 'கிட்'டில் தேடிக் காட்டினார். மென்பொருளில் யார் எந்த வரியை மாற்றினாலும் அதில் பெயரோடு பதிவாகிவிடும். அவள் பெயர் எங்குமே இல்லை.

மார்ச் 4
வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "வேலை செஞ்சேன் அண்ணி" என்றாள். அவ்வளவுதான். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. மானத்த வாங்கிட்டாளே. இத்தன நாளா நடிச்சாளா? வீட்டுல என்னன்னு சொல்றது?

மார்ச் 5
பழைய பதிவுகளைப் புரட்டினேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நான் விடுப்பில் இருந்த நாளில் என் பெயரில் ஒரு மாற்றம். அன்று கணினியைத் தொடவே இல்லையே? இன்னொன்று. அதற்குக் கீழே இன்னும் ஒன்று. இவ்வளவு நறுவிசாக நான் எழுதுவேனா?

அடிப்பாவி. அவள் சேர்ந்த அன்று, அவசரத்தில், என் கிட் அமைப்புகளை அப்படியே அவள் கணினியில் போட்டது நான்தான். என் பெயர், என் மின்னஞ்சலோடு. மாத்தணும்னு தோணவே இல்ல. அவள் உழைத்ததெல்லாம் என் கணக்கில். போன மாதம் என்னைக் குழுத்தலைவி ஆக்கினார்களே — அது?

மார்ச் 6
மேலாளரிடம் சொல்லிவிட்டேன். விடுப்பு நாட்களையும் காட்டினேன். பெயரைத் திருத்திவிடலாம் என்றேன். முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் பிரதியாக இருக்கிறது, இங்கே திருத்தினால் மற்றவர்களுடையதோடு ஒத்துப்போகாது, இருக்கட்டும் என்றார். பிறகு கேட்டார்: "பேர் தப்பா விழுதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியவே இல்லையா?"

மார்ச் 7
அவளுக்கு வேலை நிரந்தரம். சமையலறையில் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கேள்வியையும் கேட்டேன்.

"தெரியும் அண்ணி. மொதல் வாரமே பார்த்தேன். நீங்க வேணும்னுதான் செய்றீங்கன்னு நெனச்சேன். அண்ணன்கிட்ட சொன்னா வீட்டுல சண்டை வரும்னு விட்டுட்டேன்."

பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு. என்னைப் போய் இப்படி நினைக்க ஒரு வாரம் போதுமாயிருந்ததா?

மார்ச் 8
நான் அப்படிப்பட்டவளா? யாரைக் கேட்பது?

மார்ச் 12
குழுத்தலைவி பொறுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளும் வேறு குழுவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். பேருந்து மட்டும் ஒன்றுதான். இன்று முன்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்திருந்தாள். நான் கம்பியைப் பிடித்து நின்றேன். இரண்டு நிறுத்தம் தாண்டி, என்னைப் பார்க்காமலே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்தேன்.