சொல்லிக் கெட்ட பொங்கல்

இன்று வெள்ளிக்கிழமை. ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் உன் அம்மா அதே தூக்குவாளியை என் கையில் திணித்தாள். ரயில் கிளம்புவதற்குள் பெட்டி முழுக்கப் பச்சைக் கற்பூர வாசனை. எதிர் சீட்டுக்காரர் என்னைப் பூசாரி என்றே நினைத்திருப்பார்.

நீ ஞானஸ்நானம் வாங்கிய சேதியை ஊரெல்லாம் பரப்பியவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். தலைப்பிள்ளை ஆடிக்குக் கூழ் ஊற்ற வரமாட்டான் என்றதும் உன் அப்பா, "சாமிக்குப் படைச்சதத் தொடாதவன் என் ஊட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார். நீ சண்டை போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் நம் கம்பெனிக்குப் பக்கத்திலேயே வாடகைக்குப் போய்விட்டாய். உன் அம்மாவோ விளக்குக்கு முன்னால் வைக்காமல் எதையும் பரிமாறத் தெரியாதவள். வெள்ளிதோறும் படைத்த பொங்கலை நீட்டி, "உன் ஊட்டுக்காரி செஞ்சதுன்னு சொல்லிக் குடுப்பா" என்று என்னைக் கடத்தல்காரனாக்கினாள்.

முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாய். "உன் பொண்டாட்டி ரசம் வெச்சாலே பேஜாரு. அவ இப்டி பொங்கல் செய்வாளா?" என்று சிரித்துக்கொண்டே வழித்துச் சாப்பிட்டாய். பிறகு குரலைத் தாழ்த்தினாய். "யாரும் ஒண்ணும் சொல்லலன்னா, கேக்காம துன்னலாம்டா. படைச்சதுன்னு வாயால சொல்ட்டா தொடக் கூடாது. எங்க வேதத்துல அப்டித்தான் கீது. அதனால வாய மூடிக்கினு இரு."

போயும் போயும் என்னிடமா இதைக் கேட்பாய்? ஏழெட்டு மாதம் மூடித்தான் இருந்தேன். ஒரு நாள் கேட் எதிரே டீக்கடையில், ஷிப்ட் முடிந்த கூட்டம் உன்னை "இன்னா பாஸ்டரே" என்று சீண்டியது. என் பங்குக்கு ஒரு சிரிப்பு வாங்க நாக்கு துடித்தது. "பாஸ்டரு வாராவாரம் துன்றது அம்மனுக்குப் படைச்ச பொங்கலு, தெரியுமா?"

கடையே சிரித்தது. நீ பாதிப் பொங்கலோடு வாளியை மூடினாய்.

"சொல்ட்டியேடா."

அதற்குப் பிறகு தொடவே இல்லை. "ஒரு வாய்தான, யாருக்குத் தெரியப்போவுது?" என்று கெஞ்சிப் பார்த்தேன். "எனக்குத் தெரியும்ல? அதுக்காவத்தான அப்பனையே உட்டுட்டு வந்துகிறேன். அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றாய்.

அன்று முதல் உன் பங்கையும் நானே தின்றேன். இந்தத் தொப்பையில் பாதி உன்னுடையது. காலி வாளியைக் கொடுத்து, "வழிச்சித் துன்னாம்மா" என்று இரண்டு வருஷம் புளுகினேன். பிறகு நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோயிற்று. கல்லறைத் தோட்டத்துக்கு உன் அப்பா வரவில்லை. உன் அம்மா வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடசி வரைக்கும் என் கையால துன்னான் இல்லப்பா? அது போதும்" என்றாள்.

அவளுக்கு அது போதும். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அப்பாவை விட்டாய் என்று ஊருக்கே தெரியும். இந்தப் பொங்கலையும் விட்டாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதை மறைப்பது உனக்குச் செய்யும் நியாயமா, துரோகமா? "இனிமே அவன் பங்க நீ துன்னுப்பா" என்று உன் அம்மா இன்னும் வாராவாரம் வாளியை நீட்டுகிறாள். சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது உளறிவிடுவேனோ என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பயம். ஊர் வம்பெல்லாம் சொல்லிப் பழகிய வாய் இது.

இப்போதைக்குப் பயமில்லை. வாய் நிறைய உன் அம்மாவின் பொங்கல். பேச முடியாது.