பெண்களை விடும் தீவு

இன்று காலை மாவுப் பாத்திரத்தைத் திறக்கப் போனால், மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி வழிந்திருக்கிறது. இரவு ஃப்ரிட்ஜில் எடுத்துவைக்க மறந்துவிட்டேன். அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியதுமே நீடாமங்கலத்துச் சமையலறை போய், எத்தியோப்பியாவில் நாங்கள் குடியிருந்த வீடு வந்துவிட்டது, அக்கா. அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும் இஞ்செராவை, தோசையைப் பிய்ப்பதுபோல் பிய்த்து வாயில் போட்டுவிட்டு நீங்கள் சொன்னது காதில் கேட்டது. "மாவ அரைச்சு வச்சுட்டு ஊருக்குப் போயிட்டாளுவ போலருக்குடி." சொல்லிவிட்டு இன்னொன்றும் வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

என் கணவருடைய அண்ணன் மனைவி நீங்கள். ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் முறைத்துக்கொள்வார்கள் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். நீங்கள் எனக்காக விமானம் ஏறி வந்தீர்கள்.

இவருக்கு அங்கே கல்லூரி ஆசிரியர் வேலை. மலைநாட்டில், தானா ஏரிக் கரையில் ஊர். நாங்கள் அங்கே போன இரண்டாம் வருடம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை, உயிரில்லாமல்தான் வந்தாள். அதற்குப் பிறகு ஊரிலிருந்து போன் செய்தவர்கள் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசினார்கள், நாற்றங்காலைப் பற்றிப் பேசினார்கள். என் அம்மாகூட "அடுத்தது நல்லபடியா பொறக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள். இவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

சம்பா நடவு முடிந்த கையோடு, ஒரு பை நிறையப் பருப்புப் பொடியும் வடகமுமாக நீங்கள் வந்து இறங்கினீர்கள்.

"அண்ணன் வரலையா அண்ணி?" என்று இவர் கேட்டார்.

"அவரு வந்தா வயல யாரு பாக்குறது? நான் இவளப் பாக்கத்தான் வந்தேன் தம்பி."

மறுநாள் காலை ஜன்னலோரம் நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அக்கரை தெரியாத ஏரி. நடுவில் கருகருவென்று மரங்களோடு ஒரு தீவு. "அங்க என்ன இருக்கு?" என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். "இத்தன நாளா பாத்துக்கிட்டு இருக்க, தெரியாதா? அப்ப போய்ப் பாத்துட்டு வந்துருவோம்."

இவர் உடனே மறுத்தார். பரீட்சைப் பேப்பர் மலைபோல் கிடக்கிறது, லீவு விடட்டும், நானே கூட்டிப்போகிறேன் என்றார். "பாஷை தெரியாத ஊரு அண்ணி. தண்ணியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்துருக்கேன். நீங்க பேப்பரத் திருத்துங்க தம்பி."

படகுத்துறைக்கு நடந்தே போனோம். பல மாதம் கழித்து நான் தெருவில் கால் வைத்த நாள் அது. வெயிலில் கண் கூசியது. படகுக்காரர்களைப் பார்த்ததும் உங்கள் பின்னால் ஒதுங்கினேன். நீங்கள் என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினீர்கள். "எனக்கு இங்கிலீசு வராது. நீதான் கேக்கணும்."

தெஸ்ஃபாயே என்ற படகுக்காரருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். நாங்கள் கை காட்டிய தீவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அது துறவிகள் மடம், அங்கே பெண்கள் கால் வைக்கக் கூடாது, காலங்காலமாக அப்படித்தான் என்றார். எனக்கு உள்ளூர நிம்மதி. முடிந்தது, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். உங்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"ஏரியில ஒரே தீவுதான் இருக்கா? பொம்பளைங்கள விடுற தீவு எதுன்னு கேளு."

கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். தூரத்தில் இன்னொரு சிறிய தீவு இருக்கிறது, பெண் துறவிகள் சிலர் பயிர் வைத்துப் பிழைக்கிறார்கள், வெளியார் யாரும் போவதில்லை, படகைக் கட்டக்கூட இடம் கிடையாது, பாறையில்தான் இறங்க வேண்டும் என்றார். உச்சி வெயிலுக்குப் பிறகு காற்று கிளம்பிவிடும், அதற்குள் திரும்பியாக வேண்டும்.

அடுத்து வந்த நாட்களில் வீடே கல்யாண வீடுபோல ஆனது. தலையை மூடிக்கொள்ள வெள்ளைப் போர்வை வாங்க என்னைக் கடைக்கு அனுப்பினீர்கள். படகில் போட்டுக்கொள்ள மிதவைச் சட்டை இருக்கிறதா என்று கேட்க மறுபடி துறைக்கு அனுப்பினீர்கள். கட்டுச்சோறு தயிரா புளியா என்று என்னோடு சண்டை போட்டீர்கள். ஏதேதோ சாக்கில் ஒரு நாளைக்கு நாலு முறை என்னை வாசலைத் தாண்ட வைத்தீர்கள். அப்போது எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. எரிச்சல்பட்டாவது எத்தனை நாளாயிற்று என்று நான் யோசிக்கவில்லை.

விடிந்ததும் கிளம்பினோம். கரை மறைந்து நாலாபுறமும் தண்ணீரானதும் நான் படகுப் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் வெண்ணாற்றில் நீச்சல் பழகியவர். படகு விளிம்பில் கையை நனைத்துக்கொண்டு, "நம்மூரு கார்த்திகைத் தண்ணியவிட சில்லுனு இருக்குடி" என்றீர்கள்.

தீவில் மஞ்சள் தொப்பி அணிந்த ஒரு கிழவி எங்களைக் கைப்பிடித்துப் பாறையில் ஏற்றிவிட்டாள். சிறிய கோயில், காப்பிச் செடிகள், காயப்போட்ட தானியம். மரத்தடியில் உட்காரவைத்து வறுத்த பார்லி கொடுத்தாள். நீங்கள் தமிழில் பேசினீர்கள், அவள் அம்ஹாரிக்கில் பேசினாள், இருவரும் தலையாட்டிக்கொண்டீர்கள். பிறகு அவள் என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் தொட்டிலாக்கி ஆட்டிக் காட்டினாள். பிள்ளை உண்டா?

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் பதில் சொன்னீர்கள். தமிழில்தான்.

"பொண்ணு பொறந்தா. உசுரோட இல்ல. தல நெறைய முடியாம், மூக்கு இவள மாதிரியே இருந்துச்சாம். தம்பி போன்ல சொல்லி அழுதுச்சு."

இவர் அழுதார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என் மகளுக்கு ஒரு மூக்கு இருந்தது, அதை இவரும் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரியும். என் வாயிலிருந்து கிளம்பிய சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. படகிலிருந்து தெஸ்ஃபாயே ஓடி வந்தார். நீங்கள் என்னைத் தேற்றவில்லை. அழாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு பார்லியைக் கொறித்துக்கொண்டிருந்தீர்கள்.

கிழவி ஏதோ கேட்டாள். "குழந்தையின் பெயர் என்ன என்கிறார்" என்றார் தெஸ்ஃபாயே.

யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்திருந்த பெயர். "கயல்" என்றேன். கிழவி அதைத் தன் நாக்குக்கு வந்தபடி இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குள் போனாள். உள்ளே பிரார்த்தனைக்கு நடுவில் அந்தப் பெயர் கேட்டது.

திரும்பும்போது காற்று முந்திக்கொண்டது. அலை முகத்தில் அடிக்க, நனைந்து நடுங்கிக்கொண்டே தயிர்சாதத்தைப் படகில் சாப்பிட்டோம். துறையில் இவர் நின்றிருந்தார், விரலில் பேனா மையோடு. நான் போய், "அவ மூக்கப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். இவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் நாங்கள் பேச ஆரம்பித்தோம்.

நீங்கள் போய் இது முதல் கார்த்திகை. நாங்கள் ஊர் திரும்பியிருந்த சமயம் உங்களுக்கு நெஞ்சுவலி வந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. காரில் என் கையைப் பிடித்திருந்தீர்கள். சொல்ல வேண்டியது என்று நமக்குள் எதுவும் பாக்கி இருக்கவில்லை. அந்த மட்டில் எனக்குக் குறையே இல்லை.

போன வாரம் மேலத்தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை. சின்ன வயசு, அங்கே போய் எதையும் ஞாபகப்படுத்திவிடாதே என்று எல்லாரும் சொன்னார்கள். போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "பாப்பா யாரு மாதிரி இருந்தா?" என்று கேட்டேன். வீட்டிலிருந்தவர்கள் என்னை முறைத்தார்கள். அவள் மெதுவாகத் திரும்பினாள். பிறகு விளக்கேற்றும் நேரம்வரை அவள்தான் பேசினாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எழுந்தபோது என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கும் வரீங்களாக்கா?"

போய்க்கொண்டிருக்கிறேன், அக்கா.