மதகுக்காரர் அடைத்த ஓட்டைகள்

அன்புள்ள மருமகளுக்கு,

அணைக்கட்டு வீட்டிலிருந்து உன் அத்தை எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம். 'இரண்டு பேரும்' என்று எழுதும்போது கை ஒரு நொடி நின்றுவிட்டது, கண்ணு. நீ இல்லாவிட்டால் இந்த இடத்தில் 'நான்' என்றுதான் எழுதியிருப்பேன். அதை எழுதவும் எனக்குத் தெம்பு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

உன் மாமா தேறிவிட்டார். அதற்கு அடையாளம், காலையிலிருந்து என்னைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். காபியில் சர்க்கரை இல்லையாம். சர்க்கரை நோய்க்காரர் காபியில் சர்க்கரை எப்படி இருக்கும் என்றால், "கேக்கக்கூடக் கூடாதா?" என்கிறார். நீ லாரியில் அனுப்பிய புது இன்சுலின் பத்திரமாக வந்து சேர்ந்தது. சூடுபட்ட பழைய குப்பிகளை நீ சொன்னபடி ஒதுக்கிவிட்டேன். பார்க்க நல்லாத்தானே இருக்கு என்று மாமா மல்லுக்கு நின்றார். நான் அசைந்து கொடுக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததைப் போனில் அரையும் குறையுமாகத்தான் சொன்னேன். நடுநடுவே மாமா போனைப் பிடுங்கித் தன் கட்சியைப் பேசிக்கொண்டிருந்தார். இப்போது அவர் மதகுப் பக்கம் போயிருக்கிறார். ஆற அமர எழுதினால்தான் என் மனசும் ஆறும்.

உனக்குத் தெரியாததா, உன் மாமாவுக்கு ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. மதகில் கசிவு என்றால் சாக்கை முறுக்கித் திணித்து, மேலே களிமண்ணைப் பூசி அடைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். வீட்டிலும் அதே பைத்தியம். எலிவளை, கூரை ஓட்டை, கதவிடுக்கு எதையும் விட்டுவைத்ததில்லை. என் வாயை மட்டும்தான் இன்னும் அடைக்க முடியவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

மின்கம்பி எட்டாத இந்த வீட்டுக்கு, மருந்து கெடாமல் இருக்கட்டும் என்று உன் அப்பா கேஸில் ஓடும் பிரிட்ஜைக் கொண்டுவந்து வைத்தாரே, அன்றைக்கே பிரிட்ஜின் முதுகுக்குப் பின்னால் சுவரில் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று ஓட்டை போட்டார். கீழே நல்ல காற்று உள்ளே வரணும், மேலே சூடும் புகையும் வெளியே போகணும் என்றார். உன் மாமாவின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். தான் கட்டிக்காக்கும் சுவரில் தன் கண்ணெதிரே ஓட்டை! சம்பந்தி ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கேஸ் பிரிட்ஜ் வாடகைக்கு விடும் பட்டறையிலேயே நீ வளர்ந்தவள், உனக்கு அதெல்லாம் பழகிப்போன விஷயம். எங்களுக்கோ, தீயை வைத்துக் குளிர வைப்பதே நம்பும்படியாக இல்லை. மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. கதவைத் திறந்தால் மட்டும் கை சில்லிட்டது.

காற்றுக்காலம் பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. அணைமேல் வீசுகிற காற்று கீழ் ஓட்டை வழியாகப் புகுந்து தீயை அணைத்துவிடும். மாமா முனகிக்கொண்டே தரையில் படுத்து, குமிழை அழுத்திப் பிடித்து, மறுபடியும் பற்றவைப்பார். அவர் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்குள் திரும்ப அணைந்திருக்கும். ஒரு நாள் நான் துணி துவைக்கப் போயிருந்த நேரம், பிரிட்ஜை முன்னால் தள்ளிவிட்டு, சாக்கும் களிமண்ணுமாக இரண்டு ஓட்டையையும் அடைத்துவிட்டார். காற்று வந்தது கீழே, மேலே இருந்ததை எதற்கு அடைத்தீர்கள் என்று கேட்டால் மதகைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார். கீழே ஒன்றை அடைத்த கை, மேலே ஒன்று திறந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்குமா?

அதன் பிறகு தீ அணையவே இல்லை. பாத்தியா, பாத்தியா என்று பெருமை தாங்கவில்லை. குளிருக்கு ஜன்னலையும் சாத்திக்கொண்டோம். சமையலறை கதகதப்பாக இருக்கிறதே என்று நானும் சந்தோஷப்பட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மாமா கட்டிலை அங்கேயே கொண்டுவந்து போட்டுக்கொண்டார். பூனையும் பிரிட்ஜ் மேல் ஏறிச் சுருண்டுகொண்டது.

அப்புறம் அவருக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். விரலில் குத்திப் பார்த்தால் அது இறங்கவே இல்லை. பிரிட்ஜிலும் முன்போலக் குளிர்ச்சி இல்லாததால், மருந்து கெட்டுச் சர்க்கரை ஏறுகிறதோ என்று இன்னொரு பயம். என் தலையும் விண்விண் என்று தெறித்தது. கவலையில் வருகிற வலி என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு துவைக்கப் போனேன். திரும்பி வந்து எழுப்பினால் மாமா எழுந்திருக்கவில்லை. கண்ணை மட்டும் பாதி திறந்து, "மதகைத் தொறந்தாச்சா?" என்று குழறினார். போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற அணைமேட்டுக்கு ஓடினேன்.

நீ உடனே எடுத்தாய். நான் சர்க்கரை, சர்க்கரை என்று அலறிக்கொண்டிருக்கிறேன். நீ, "அத்தை, உங்களுக்கும் தலை வலிக்குதா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். "பூனை எப்படி இருக்கு?" என்றாய். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. புருஷன் நினைவில்லாமல் கிடக்கிறார், இவள் பூனையை விசாரிக்கிறாளே என்று இருந்தது. அதுவும் பாலைத் தொடவில்லை, தள்ளாடிக்கொண்டு கிடக்கிறது என்றேன். "பூனைக்குமா அத்தை சர்க்கரை?" என்றாய். அடுத்துத் தீ என்ன நிறம் என்று கேட்டாய். மஞ்சள் என்றேன்.

நீ போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "மஞ்சளா எரிஞ்சா அது விஷப்புகை அத்தை! கதவெல்லாம் தொறங்க, மாமாவை வெளியே இழுங்க, அப்புறம் வெளியே இருக்கற சிலிண்டரை மூடுங்க. நான் லைன்லயே இருக்கேன், போங்க, போங்க!" என்று விரட்டினாய். போனை அணைமேட்டுக் கல்லின்மேல் அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் தள்ளித் திறந்து, கட்டிலோடு இழுக்கப் பார்த்தேன், முடியவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ. சிலிண்டரை மூடிவிட்டுத் திரும்பினேன். காற்று முகத்தில் பட்டதும் வாந்தி எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன்டி இந்த இழு இழுக்கற, வேட்டி அவுருது" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் திட்டைக் கேட்டுத்தான் நான் அழுதேன்.

உனக்குச் சொல்ல மேட்டுக்கு ஓடி வந்தேன். ஒருத்தரும் இல்லாத அந்த இடத்தில், கல்லின்மேல் கிடந்த போனிலிருந்து அத்தை, அத்தை என்று உன் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான் பெற்ற பிள்ளை கப்பலில் எந்தக் கடலில் இருக்கிறானோ தெரியாது. எனக்கு ஒரு பெண் இல்லையே என்று ரொம்ப காலம் ஏங்கியிருக்கிறேன். இனிமேல் அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன்.

அணையில் தூர்வாருகிற ஆட்கள் என் அழுகையைக் கேட்டு ஜீப்போடு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நம் கையில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். பூனையைக் கேட்கிறாயா? அது அன்று சாயங்காலமே எழுந்து, தட்டில் இருந்த பாலைக் குடித்துவிட்டு, எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டது.

நாங்கள் வீடு திரும்பியதும் உன் அப்பா வந்து சேர்ந்தார். அதுவரை புது மருந்தை ஈரமணல் போட்ட பானையில் வைத்திருந்தேன், அதுவும் நீ சொல்லிக் கொடுத்ததுதான். பிரிட்ஜைக் கழற்றிப் புகைக்குழாயில் பிரஷ் விட்டுக் குடைந்தால் கரி கொட்டோ கொட்டு என்று கொட்டியது. கேஸ் வருகிற சின்னத் துளையைச் சுத்தம் பண்ண மாமா என் ஊக்கை வாங்கிக்கொண்டு தயாராக நின்றார். ஊக்கு விட்டால் துளை பெரிசாகிவிடும், அப்புறம் தீ என்றைக்கும் மஞ்சள்தான் என்று உன் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்பிரிட்டில் ஊறவைத்துத்தான் கழுவினார். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தார். அடைத்த இரண்டு ஓட்டையையும் திறந்துவிட்டு, கீழ் ஓட்டைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி ஒரு தகரத் தட்டியை நிறுத்தினார். காற்று நேராக அடிக்காது, தீக்கும் மூச்சு முட்டாது. ஆரம்பத்திலேயே இதைச் செய்திருக்கலாமே என்று மாமா கேட்டார். ஆரம்பத்திலேயே ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்று உன் அப்பா திருப்பிக் கேட்டார். நான் கேட்க இருந்ததை இவரே கேட்டுவிட்டார்.

பற்றவைத்தால் தீ நல்ல நீலம். ஆனால் மறுநாள் வரைக்கும் குளிரவில்லை. உன் அப்பா ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்துப் பார்த்தார். தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. ஓட்டை அடைக்க மாமா தள்ளினாரே, அன்றிலிருந்து பிரிட்ஜ் சாய்ந்தே ஓடியிருக்கிறது. இதற்குள்ளே இருக்கிற திரவம் தீயில் சூடாகி ஆவியாக மேலே போய், ஆறி, தன் கனத்திலேயே குழாய் வழியாக இறங்கி வரணும், அப்படி வரும்போதுதான் பெட்டிக்குள் இருக்கிற சூட்டை வாங்கிக்கொண்டு போகும், சாய்ந்திருந்தால் வழியில் தேங்கிவிடும் என்றார். உன் மாமாவுக்கு அது மட்டும் சட்டென்று பிடிபட்டது. வாய்க்கால் மட்டம் தப்பினா எந்தத் தண்ணி ஓடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இதற்கு வைத்தியம் என்ன என்று நினைக்கிறாய், உனக்குத் தெரிந்ததுதான். கேஸ் குழாயைக் கழற்றி, ஆறவிட்டு, கதவைக் கயிற்றால் கட்டி, தூர்வாருகிற ஆட்கள் பிடிக்க, பழைய மெத்தைமேல் பிரிட்ஜைத் தலைகீழாக நிறுத்திவிட்டார்கள்! ஆட்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம்மளை நிறுத்த வேண்டியதுக்கு இதை நிறுத்திட்டாங்க என்று மாமாவே சொன்னார். தேங்கினது கலைகிற வரை அப்படியே இருக்கட்டும், அப்புறம் நேராக நிறுத்தி, திரவம் இறங்கும்வரை காத்திருந்துதான் பற்றவைக்கணும் என்றார் உன் அப்பா.

பிரிட்ஜ் தலைகீழாக நின்ற அந்த நேரத்தில்தான், அம்மா, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் உன் அப்பாவிடம் கேட்டேன். மருமகளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே, பார்த்து எவ்வளவு நாளாச்சு என்றேன். பிரிட்ஜைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனுஷன், கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொல்லிவிட்டார்.

நான் போன் பண்ணிய அன்றைக்கு நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாயாமே. அன்று காலையில்தான் கரு கலைந்ததாமே. நர்ஸ் போனை வாங்க வந்தபோது நீ அவள் கையைத் தட்டிவிட்டாயாம். எனக்குச் சொல்லக் கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கினாயாம். "சொன்னா அத்தை மாமாவை விட்டுட்டு ஓடி வந்துடுவாங்க, அங்க ஊசியையும் தீயையும் யார் பாத்துப்பாங்க" என்றாயாம். தேறாத உடம்போடு, அங்கே போய் அதைச் சரிபண்ணிக் கொடுங்க என்று அப்பாவையும் இங்கே விரட்டிவிட்டாய். அவர்மேல் கோபப்படாதே. பாவம், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் அந்த மனுஷனும் இருந்திருக்கிறார்.

நீ கர்ப்பமாக இருந்ததே எனக்குத் தெரியாது. தெரிந்து சந்தோஷப்படக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. உன் வயிறு எரிந்துகொண்டிருந்த நேரத்தில் என் வயிற்றில் பாலை வார்த்தாயே, இதற்கு நான் எந்த ஜன்மத்தில் என்ன செய்து கழிப்பேன்? நன்றி என்று எழுதிப் பார்த்தேன், அது காகிதத்தில் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

இப்போது கேள். பிரிட்ஜ் ஜம்மென்று ஓடுகிறது. மருந்து நடுத்தட்டில் இருக்கிறது, உறைகிற இடத்துக்கு அருகில் வைப்பதில்லை. மாமா காலையும் மாலையும் மண்டியிட்டுத் தீயைப் பார்க்கிறார், ஜன்னலைச் சாத்த விடுவதில்லை, கட்டிலையும் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். நேற்று பொழுது முழுக்க நான் வேண்டுமென்றே வெளியே போய்விட்டேன். ஊசி, சாப்பாடு, தீ எல்லாம் தனியாளாகச் சமாளித்திருக்கிறார். தூர்வாருகிற மேஸ்திரியின் பெண்சாதி தினமும் வந்து எட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நீ என்னிடமிருந்து எதற்காக மறைத்தாயோ, அந்தக் காரணம் இனி இல்லை. "நீ கெளம்பு, இன்னும் என்ன யோசனை" என்று உன் மாமாவே என் பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டார்.

அடுத்த சாமான் லாரியில் வருகிறேன். போனில் சொன்னால் வேண்டாம் என்பாய், உன் குரலைக் கேட்டதும் நானும் கேட்டுக்கொள்வேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதினேன். எனக்காகச் சமைத்து வைக்காதே, வீட்டைப் பெருக்காதே, கதவைத் திறக்க எழுந்து வராதே, அப்பா திறப்பார். அத்தை முன்னால் அழக் கூடாது என்று மட்டும் நினைக்காதே, கண்ணு. நானும் அழத்தான் வருகிறேன்.

உன் உடம்பும் மனசும் தேறி நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

லாரிக்குக் காத்திருக்கும்,
உன் அத்தை