கோர்ச்சாவுக்குப் போகும் உறையில் மஞ்சள் இல்லை

என் தோமா அண்ணா,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அதற்குப் பயந்தேன். இனி ஒளிய இடமில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு மியூனிக் ரயில் நிலையத்தில் ஒருவர் என் பதிலுக்காகக் காத்திருப்பார். என்ன சொல்லட்டும்? உன்னைத் தவிர யாரைக் கேட்பேன்?

மியூனிக்கை அடுத்த கார்ஹிங் ஆய்வுக்கூடத்தில் உன் மேசை என் மேசைக்கு அடுத்தது. அல்பேனியன் என்றாய், பிறந்தது ருமேனியாவில் என்றாய். புக்கரெஸ்டில் உன் அப்பா தினையைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம் விற்றார். அவர் இறந்ததும் அம்மா அல்பேனியாவில் தன் சொந்த ஊரான கோர்ச்சாவுக்குத் திரும்பிவிட்டார். படிப்புக்காக நீ மட்டும் மரியா அத்தை வீட்டில் தங்கினாய். பிறகு ஆராய்ச்சிக்கென்று ஜெர்மனி வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. "எங்க ஊர்லயும் கம்பங்கூழ் உண்டே!" என்றேன். "அப்ப நீ என் தங்கச்சிதான் போ" என்றாய். அவ்வளவுதான், அன்றிலிருந்து நீ எனக்கு அண்ணன்.

இங்கிருந்து நேராகக் கடிதம் போட்டால் அம்மாவுக்கு வம்பு. மேற்கு ஜெர்மனிக்கும் அல்பேனியாவுக்கும் தூதும் கிடையாது, பேச்சும் கிடையாது. ருமேனியாவுக்கு உண்டு. மாஸ்கோவோடு அல்பேனியா முறித்துக்கொண்டபோது கொஞ்ச காலம் விலகி நின்றாலும், பிறகு தன் தூதரை அல்பேனியத் தலைநகர் டிரானாவுக்குத் திருப்பி அனுப்பிய நாடு அது. அந்தச் சந்து வழியாகத்தான் உன் கடிதம் போகும். நீ அத்தைக்கு எழுதுவாய். நீ அவர் வீட்டிலேயே இருப்பதுபோல் அத்தை தன் கையெழுத்தில் நகல் எடுத்து அம்மாவுக்கு அனுப்புவார். உன்னுடையதை அடுப்பில் போட்டுவிடுவார்.

பிராக் நகருக்குள் டாங்கிகள் நுழைந்தபோது, இரண்டு நாடுகளும் சேர்ந்தாற்போல் அதைக் கண்டித்தன என்று செய்தித்தாளோடு ஓடி வந்தாயே! "ரெண்டு அரசாங்கமும் ராசியா இருந்தா அம்மாவுக்கு லெட்டர் சீக்கிரம் போகும், கோமதி!" உலகமே கலங்கிக் கிடக்க, உனக்கு அம்மாவின் தபால்தான் பெரிதாக இருந்தது. நான் கேலி செய்தேன்.

இப்போது அந்த விஷயம். உனக்கு டாக்டர் பட்டம் கிடைத்த அன்று எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்க்க என்னிடம் கொடுத்தாய். எங்கள் வீட்டில் நல்ல செய்தி சொல்லும் கடிதத்தை நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் அனுப்ப மாட்டார்கள். ஊரிலிருந்து வந்த மஞ்சள்பொடியில் ஒரு சிட்டிகையை மடித்து உறைக்குள் வைத்தேன். நல்ல சேதிக்கு இது எங்கள் வழக்கம், அம்மாவுக்குப் போகும் உறையின் நாலு மூலையிலும் பூசி அனுப்புங்கள் என்று அத்தைக்கு ஒரு சீட்டும் எழுதினேன். உன்னிடம் சொல்லவில்லை. பாவம் அத்தை, ஆசையாகப் பூசி, எதற்கென்று அம்மாவுக்கு ஒரு வரியும் எழுதி அனுப்பிவிட்டார்.

அதோடு கோர்ச்சாவிலிருந்து பதில் நின்றது. அந்த மஞ்சளால் ஏதும் சந்தேகம் வந்திருக்குமோ என்று அத்தை எனக்குத் தனியாக எழுதினார். அதை உன்னிடமிருந்து மறைத்தேன். இரண்டு வருடம் அண்ணா! "அம்மாவுக்கு என் மேல கோபமா? இல்ல, அம்மாவே இல்லையா?" என்று நீ கேட்கும்போதெல்லாம் "தபால் லேட் அண்ணா" என்று சொன்ன வாய் இது. விளங்குவேனா நான்?

மருத்துவமனையில் கடைசி வாரம் என் கையைப் பிடித்தாய். "லெட்டர் நிக்கக் கூடாது. பெஸா குடு." பெஸா என்றால் உங்களவர்கள் கொடுக்கும் வாக்கு, தலையே போனாலும் மீறக் கூடாதது. கொடுத்தேன். அப்போதாவது மஞ்சளைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கையை விட்டுவிடுவாயோ என்று பயம்.

நேற்று ஒரு ருமேனிய இசைக்குழு இங்கே வாசித்தது. நிகழ்ச்சி முடிந்ததும் வயலின்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அத்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரராம். கலைப் பரிமாற்றம் என்று போன மாதம் அல்பேனியா போய் கோர்ச்சாவிலும் வாசித்திருக்கிறார்கள். புக்கரெஸ்டிலிருந்து வந்தவர்கள் என்று கேள்விப்பட்டு அம்மா தேடி வந்து, அவரிடம் அத்தையை விசாரித்துப் பேசியிருக்கிறார். அம்மா உயிரோடு இருக்கிறார் அண்ணா! அரங்கின் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"அந்த மஞ்சள் ரகசிய மையான்னு மூணு நாள் உட்கார வச்சு விசாரிச்சாங்களாம்மா. அப்புறம் வந்த லெட்டர் எதையும் கையில குடுக்கலை. இப்பத்தான் மறுபடி குடுக்கறாங்களாம்" என்றார். "ஆனாலும் அவங்க கேட்டது என்ன தெரியுமா? மகன் நல்லா இருந்தா மறுபடி அந்த மஞ்சளைப் பூசச் சொல்லுங்க, யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்னாங்க."

"நீங்க உண்மையைச் சொல்லலையா?"

"வாய் வரலைம்மா. மகனுக்குக் கம்பளிச் சட்டை பின்றேன், இளைச்சிருக்கானா, அளவு சொல்லுன்னு கேக்கறாங்க. என்னத்தைச் சொல்ல?"

அத்தையும் சொல்லவில்லை. நாற்பதாம் நாள், இறந்தவர்களுக்குச் செய்யும் உங்கள் வழக்கப்படி உனக்காகக் கோதுமை அவித்து, சர்க்கரை கலந்து படைத்தவர், அன்றைக்கே நீ நலம் என்று கோர்ச்சாவுக்கு எழுதினாராம். எப்போதும் அத்தையின் கையெழுத்துதானே? நீ செத்தது அந்தக் கடிதங்களில் தெரியவே தெரியாது. இப்படியே போகட்டும் என்றால் மஞ்சள் கொடுத்தனுப்பு, இல்லையென்றால் நீயே உண்மையை எழுது, நகல் எடுத்து அனுப்புகிறேன் என்று வயலின்காரரிடம் சொல்லி விட்டிருக்கிறார். நாளை ரயில் ஏறும் முன் அவர் கையில் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும்.

காலையிலிருந்து மஞ்சள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சிட்டிகை போதும், அம்மா சந்தோஷமாக இருப்பார். அந்த ஒரு சிட்டிகைதான் உங்கள் இரண்டு வருடத்தைத் தின்றது. உனக்காகக் கோதுமை அவிக்க வேண்டியவர், இல்லாத உடம்புக்குச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறாரே, இது அடுக்குமா? சொன்னால் அவர் தாங்குவாரா? எனக்குத் தெரியவில்லை அண்ணா, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

டப்பாவை மூடிவிட்டேன். திட்டுவதானால் திட்டு. நீ போனதையும், மஞ்சள் என் வேலை என்பதையும் எழுதிவிட்டேன். பெஸாவை மீறமாட்டேன், கடிதம் நிற்காது. இனி மாதம் தவறாமல் அம்மாவுக்கு நான் எழுதுவேன், உன் பெயரில் அல்ல, அத்தை வீட்டுப் பெண்ணாக. அந்த முதல் உறையின் நாலு மூலையும் வெள்ளையாக இருக்கும். பிரிப்பதற்கு முன்பே அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

உன் தங்கை,
அம்மா ஏற்றுக்கொண்டால் அவருக்கு மகள்,
கோமதி