தூய்மை 99

செவ்வாய்க் கோள், இரண்டாம் நிலையம். எழுதுபவர்: மருத்துவர் வேதவல்லி, நுண்ணுயிர்ப் பிரிவு. இது காகிதக் குறிப்பேடு. பூமிக்குப் போகாது. எங்களுக்குப் பிறகு இங்கே வருபவர்களுக்காக.

நாள் 409. 08:10
காற்றழுத்தம் சரி. நீர்ச் சுழற்சி சரி. ஆட்கள் இருவர்: நானும் பொறியாளர் சூசையும். ஊரில் இன்று பொங்கல். நிலையத்துத் தண்ணீர் எங்கள் சிறுநீரிலிருந்தும் வியர்வையிலிருந்தும் வடித்தெடுத்தது; எவ்வளவு வடித்தாலும் வாடை போகாது. சூசை தூத்துக்குடிக்காரன். காலையிலேயே ஆரம்பித்துவிட்டான். "வருசத்துல ஒரு நாளு அக்கா. அன்னைக்கும் மூத்திரத்தக் காய்ச்சித்தான் பொங்கல் வைக்கணுமா?"

சமாளித்துவிட்டேன். எப்படி என்று எழுதப் போவதில்லை. ஒரு வாய் வைத்துவிட்டு, "தேன் ஊத்துனியளா? தண்ணியே இனிக்கே!" என்றான். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

நாள் 410. 16:40
நீர்க்குழாயைக் கழற்றும்போது சூசையின் இடது உள்ளங்கை கிழிந்தது. நான்கு தையல். ஊரில் இருக்கும் மனைவி பிரின்சிக்கும் செய்தி சொல்லிவிட்டான். நாளை முதல் பூமிக்கும் எங்களுக்கும் நடுவே சூரியன் நிற்கும். பதினான்கு நாள் தொடர்பு இல்லை.

நாள் 412. 06:25
காய்ச்சல் 39.4. முழங்கை வரை சிவப்பு. சீழை எடுத்து லேசர் ஒளியில் வைத்தேன். ஒவ்வொரு கிருமியும் ஒளியைத் தனக்கே உரிய விதத்தில் சிதறடிக்கும்; கருவி அதை வரைகோடாகப் போட்டு ஆளை அடையாளம் சொல்லும். இருபது நிமிடத்தில் பெயர் வந்தது. சூடோமோனாஸ். குழாயில் குடியிருந்த கிருமி.

மருந்து இரண்டு வகை இருக்கிறது. முதலாவதால் தொல்லை இல்லை. இரண்டாவது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். இங்கே டயாலிசிஸ் கிடையாது. எது கேட்கும் என்பதையும் ஒளிதான் சொல்ல வேண்டும். கிருமிக்கு மருந்தோடு கனநீரைக் கொடுப்போம்; கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர், இந்தச் சோதனைக்கென்றே ஒரு புட்டி வந்திருக்கிறது. மருந்தை மீறிப் பிழைத்தால் கனநீரைக் குடிக்கும், வரைகோட்டில் புதிதாக ஒரு முகடு எழும். முகடு இல்லையென்றால் மருந்து வேலை செய்கிறது.

08:50
கருவியின் தீர்ப்பு: முதல் மருந்து பலிக்கும். ஊசி போட்டேன்.

நாள் 413. 07:00
காய்ச்சல் 39.8. சிவப்பு தோள்வரை ஏறிவிட்டது. "கருவி பொய் சொல்லாதுல்லா அக்கா?" என்று கேட்டான். சொல்லாது என்றேன். அதே மருந்தைத் தொடர்கிறேன்.

நாள் 414. 05:30
பொங்கலுக்கு நான் ஊற்றியது கனநீர்.

முந்நூறு மில்லி புட்டியிலிருந்து இருநூறு. நிலையத்தில் வாடையில்லாத தண்ணீர் அது ஒன்றுதான். அந்த அளவு உடம்பை ஒன்றும் செய்யாது, நாக்குக்கு லேசாக இனிக்கும். புட்டியின் எடை குறைந்தால் பூமியிலுள்ள மையத்தில் கேட்பார்களே என்று சாதாரணத் தண்ணீரை ஊற்றி நிரப்பி வைத்தேன்.

மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. கருவியில் 'கனநீர்த் தூய்மை' என்று ஒரு கட்டம் உண்டு. புட்டியில் மூன்றில் ஒரு பங்குதான் கனநீர் என்பதால் அதில் 33 போட்டிருக்க வேண்டும். போட்டால் பதிவாகும், பொங்கல் கதை சந்தி சிரிக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு 99 என்றே விட்டேன். முகடு எழுந்தால் குட்டையாகவாவது தெரியும், பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குட்டையாக எழத்தான் செய்தது. கருவி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நானும் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

05:55
33 போட்டு அதே வரைகோடுகளை மறுபடி ஓட்டினேன். முதல் மருந்து பலிக்காது. இரண்டாவது பலிக்கும். போட்டுவிட்டேன். நாற்பத்தைந்து மணி நேரம் தாமதம். மருந்துப் பெட்டி அவன் படுக்கையிலிருந்து நான்கடி தூரத்தில்தான் இருந்தது.

நாள் 415. 14:12
சூசை இறந்துவிட்டான். மதியம் கொஞ்சம் நினைவு வந்தது. "பயப்படாதீய அக்கா. நீங்க பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டிய" என்றான். நான் அப்போதும் சொல்லவில்லை.

நாள் 425. 09:30
தொடர்பு கிடைத்தது. காயம், கிருமி, மருந்து, மரணம் என்று அறிக்கை அனுப்பினேன். தூய்மை பற்றி ஒரு சொல் இல்லை. 33 போட்டு ஓட்டிய பதிவை நேற்றே அழித்துவிட்டேன். இதையும் நான்தான் செய்தேன்.

10:25
மையத்திலிருந்து: "வேதவல்லி மேடம், என்ன சொல்றதுன்னே தெரியல. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. கருவிக் கோளாறுன்னு முடிச்சிடலாம். ஆமான்னு ஒரு வரி அனுப்புங்க. அதுக்கப்புறம் அவர் வீட்டுக்கு நாங்க சொல்லிக்கிறோம்."

10:31
தொடர்பில்லாத நாளில் அனுப்பிய ஒரு செய்தி வரிசையில் கிடந்து இப்போது வந்தது. "டாக்டரக்கா, நான் பிரின்சி. கை ஆறிட்டா? அக்கா கூட இருக்காவ, ஒண்ணும் ஆவாதுன்னு அத்தைட்ட சொல்லிட்டேன். பொங்கலுக்கு என்ன சாப்பிட்டியன்னு அவுகள்ட்ட கேக்கதுக்குள்ள லைன் கட்டாயிட்டு. இனிப்புன்னா அவுகளுக்கு உசுரு. ஏதாவது கிடைச்சுதாக்கா?"

11:05
'ஆமாம்' என்று அடித்து வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை.

11:40
அழித்துவிட்டேன். கருவியில் கோளாறு இல்லை. மையத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் பிரின்சிக்கு.

"கிடைச்சுதும்மா. சர்க்கரைப் பொங்கல். ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டான். தண்ணியே இனிக்குதுன்னான். அது ஏன் இனிச்சுதுன்னா"

14:12
இன்னும் அந்த வரியிலேயே இருக்கிறேன்.